சமய மெய்யியலை முதன்முறை கற்பிப்போருக்கு: ஒரு பருவத்துக்கான வழிகாட்டி

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கோ, ஊர் நூலகத்தில் கூடும் வாசிப்பு வட்டத்துக்கோ சமய மெய்யியலை முதன்முறையாகக் கற்பிக்க இருப்பவர்களை மனத்தில் வைத்து இக்கட்டுரையை எழுதுகிறேன். வாரத்துக்கு இரண்டு வகுப்புகள், இருபது முப்பது மாணவர்கள், ஒரு கரும்பலகை, நகலெடுத்துக் கொடுக்கச் சில பக்கங்கள் ஆகியவை இருந்தால் போதும். பெரிய நூலகம் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. தொடக்கப் பாடத்துக்கு வேண்டிய மூலங்களில் பாதிக்கு மேல் தமிழிலேயே இருக்கின்றன.

கடவுள் உண்டா, உண்டென்றால் உலகில் துன்பம் ஏன், சான்றில்லாமல் நம்புவது தகுமா, சமய அனுபவம் எதையேனும் நிறுவுமா என்னும் கேள்விகளை வாதங்களாக வகுத்து, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, எங்கே சரிகிறது என்று பார்ப்பதே இத்துறையின் வேலை. இக்கேள்விகளைப் பற்றி நிறையக் கேட்ட பிறகுதான் தமிழ் மாணவர் வகுப்புக்கு வருகிறார். கோயில் சொற்பொழிவு, தேவாலயப் பிரசங்கம், பள்ளிவாசல் பயான், பகுத்தறிவு மேடை, பட்டிமன்றம் என்று அவர் காதில் விழுந்தவை பல. இவற்றுள் நம் வகுப்புக்கு மிகவும் இடையூறாவது பட்டிமன்றப் பழக்கமே என்பது என் கருத்து. எதிரணியின் கருத்தை வேண்டுமென்றே மெலியவைத்து, அதைக் கேலி செய்து கைதட்டல் வாங்கி, முடிவை நடுவரிடம் விட்டுவிடும் அந்தப் பழக்கத்தை மாணவர் தம்மையறியாமலே வகுப்புக்குள் கொண்டுவந்து விடுகிறார்.

அதற்கு மாற்றும் நம் மரபிலேயே உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாக அமைந்தது. கண்ணால் காண்பதே உண்மை என்னும் உலகாயதர் தொடங்கிப் பிறர் கொள்கைகளை முதலில் எடுத்துரைத்து, மறுத்து, அதன் பின்னரே ஆசிரியர் தம் கொள்கைக்கு வருகிறார். பிறர் கொள்கைகளை அவர் எல்லா இடங்களிலும் நடுநிலையோடு எடுத்துரைத்தாரா என்று பௌத்தரும் சமணரும் கேட்கக்கூடும், கேட்கவும் வேண்டும். ஆயினும் வரிசை சரியானது. எதிர்த்தரப்பை அத்தரப்பினரே ஒப்புக்கொள்ளும் வகையில் எடுத்துச் சொன்ன பிறகுதான் மறுக்கலாம் என்ற ஒரே விதியைப் பருவம் முழுவதும் விடாமல் கடைப்பிடித்தால், மற்றவற்றில் குறை நேர்ந்தாலும் வகுப்பு வீணாகாது.

முதற்படி: கேள்விகளைப் பிரித்தறியச் செய்தல்

முதல் வகுப்பை வரையறையோடு தொடங்க வேண்டாம். சமயம் என்றால் என்ன, மெய்யியல் என்றால் என்ன என்று எழுதிப் போட்டால் மாணவர் அதைப் பார்த்து எழுதிக்கொள்வாரே தவிர, அவருக்குள் ஒன்றும் அசையாது. அதற்குப் பதிலாக நான்கு வாக்கியங்களைப் பலகையில் எழுதுங்கள். கந்த சட்டி விரதத்தை ஆறு நாள் நோற்பது வழக்கம். விரதம் நோற்போர்க்கு மன அமைதி கிடைக்கிறது. முருகன் அடியாரின் வேண்டுதலைக் கேட்கிறான். கேட்பவன் எல்லாம் அறிந்தவன் என்றால் அவனிடம் வேண்டிக்கொள்வதற்கு என்ன தேவை?

இவற்றுள் ஒவ்வொன்றையும் சரிபார்க்க யாரிடம் போவீர்கள் என்று கேளுங்கள். முதல் வாக்கியத்துக்கு வழக்கம் அறிந்த பெரியவரிடம் போகலாம். இரண்டாவதற்கு நோன்பிருப்போரைப் பலநாள் கவனித்து ஆராய்பவரிடம் போகலாம். மூன்றாவது வாக்கியம் ஒரு சமயத்தின் உண்மைக் கூற்று. நான்காவது அக்கூற்றின் மேல் எழும் மெய்யியல் கேள்வி. நம்புகிறவர் மட்டும் அதைக் கேட்பதில்லை, நம்பாதவர் மட்டும் கேட்பதுமில்லை. பல சமயத்தார் அமர்ந்திருக்கும் வகுப்பானால் வாக்கியங்களை ஒரே சமயத்திலிருந்து எடுக்காமல் நோன்பு, ஜெபம், பௌத்தர் காப்பு வேண்டிச் செய்யும் பிரித் ஓதுதல் என்று கலந்து எடுங்கள். எடுத்துக்காட்டு எப்போதும் தம் வீட்டிலிருந்தே வருகிறது என்று ஒரு பிரிவு மாணவர் உணர்ந்தால் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

இந்த வகுப்பிலேயே ஒரு பழக்கத்தை நிலைநாட்டிவிடுங்கள். “நீ கடவுளை நம்புகிறாயா?” என்று எந்த மாணவரையும் ஆசிரியரும் கேட்கக்கூடாது, பிற மாணவரும் கேட்கக்கூடாது. “இந்த வாதத்தின் எந்தப் படி உனக்கு ஐயமாக இருக்கிறது?” என்றே கேட்க வேண்டும். இலங்கையில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. அங்கே பாடசாலையில் சமயம் கட்டாயப் பாடமாக இருப்பதால் சைவ, கத்தோலிக்க, இஸ்லாமிய மாணவர்கள் அந்தப் பாடவேளையில் தனித்தனியே பிரிந்து போய்ப் படித்து வளர்கிறார்கள். சமயத்தைப் பற்றி ஒரே அறையில் சேர்ந்து பேசும் முதல் வாய்ப்பு உங்கள் வகுப்பாகவே இருக்கலாம்.

அரசுக் கல்லூரியில் இதைக் கற்பிக்கலாமா என்று தமிழ்நாட்டு ஆசிரியர் சிலர் தயங்குவதுண்டு. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் உறுப்பு, முழுவதும் அரசு நிதியில் இயங்கும் நிறுவனங்களில் சமய போதனையைத் தடை செய்கிறது. சமயங்களைப் பற்றிய கல்வி அந்தத் தடைக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் அருணா ராய் வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது. துறைத் தலைவரோ பெற்றோரோ கேட்டால் பாடத்திட்டத்தையும் வாசிப்புப் பட்டியலையும் எடுத்துக் காட்டுங்கள். ஒளிக்க அதில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் படி: வாதத்தின் உறுப்புகள்

வாதம் என்றால் சண்டை என்ற எண்ணம் போக வேண்டுமானால், ஒரு வாதத்தைக் கழற்றிப் பார்த்து மறுபடி பூட்டிக் காட்ட வேண்டும். மணிமேகலையின் 29-ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவையியல் கற்பிக்கும் பகுதி இதற்கு மிகவும் ஏற்றது. இம்மலை நெருப்புடையது என்பது பக்கம். புகையுடைமையால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். இம்மலையும் புகையுடையது என்பது உபநயம். ஆகவே நெருப்புடையது என்பது நிகமனம். ஐந்தையும் ஐந்து மாணவரிடம் சீட்டுகளாகக் கொடுத்து வரிசையில் நிற்கச் செய்து, பிறகு ஏதுவை வைத்திருப்பவரை வெளியே வரச் சொன்னால், காரணத்தை எடுத்துவிட்ட வாதம் என்ன ஆகிறது என்பதை விளக்கத் தேவையே இருக்காது.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துக் காட்டுவது அவசியம். காரணம் முடிவைத் தாங்குகிறதா என்பது ஒன்று. அந்தக் காரணம் உண்மையா என்பது வேறொன்று. மலையில் தெரிவது புகையாக இல்லாமல் மூடுபனியாக இருந்தால், வாதத்தின் கட்டுமானத்தில் பிழை இராது, ஏது பொய்த்துவிடுகிறது. பருவம் முழுவதும் மாணவர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை. இலங்கை உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் படித்து வந்த மாணவர்களுக்கு இந்தப் படியை அரை வகுப்பில் முடித்துவிடலாம்.

அடுத்த வகுப்பில் அதே காப்பியத்தின் 27-ஆம் காதைக்குப் போங்கள். வஞ்சி நகரில் மணிமேகலை அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என்று பதின்மரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கண்டதன்றி மற்றதை ஏற்பதில்லை என்னும் பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை நீ அனுமானத்தால் அல்லாமல் எவ்வகையில் அறிவாய் என்று அவள் திருப்பிக் கேட்கும் இடம் வகுப்பை உயிர்ப்பிக்கும். இப்போதுதான் மரபணுச் சோதனை இருக்கிறதே என்று யாராவது நிச்சயம் சொல்வார். அதுவும் அனுமானந்தானே, குழாயில் தெரிவது தந்தைமையா, அதற்கான அடையாளமா என்று திருப்பிவிடுங்கள். மணிமேகலை வென்றுவிட்டாள் என்று அத்துடன் முடிக்கவும் கூடாது. கண்ணால் கண்டவற்றுக்கிடையே உள்ள தொடர்பைக் கொண்டு காணாத தந்தையை அனுமானிக்கலாம் என்று பூதவாதி ஒப்புக்கொண்டாலும், யாருமே என்றும் காண இயலாத ஒன்றை அப்படி அனுமானிக்க முடியுமா என்று அவர் கேட்க இடம் இருக்கிறது. அந்தக் கேள்வியே அடுத்த படிக்கு வாயில்.

மூன்றாம் படி: உலகுக்கு ஒரு கருத்தா உண்டா?

பாடநூல்கள் பல, 11-ஆம் நூற்றாண்டில் அன்செல்ம் முன்வைத்த வாதத்தோடு தொடங்குகின்றன. இதனினும் பெரிது ஒன்றை எண்ண முடியாது என்னும்படியான ஒன்று எண்ணத்தில் மட்டும் இருந்தால், எண்ணத்திலும் மெய்யிலும் இருப்பது அதனினும் பெரிதாகிவிடுமே, ஆகவே அது மெய்யாகவே இருக்கிறது என்பது அந்த வாதம். அழகான வாதம், தொடக்க மாணவருக்குச் சொல் விளையாட்டாகவே தோன்றும். அதே காலத்துத் துறவி கோனிலோ, இதே முறையில் குறையற்ற தீவு ஒன்றும் இருக்கிறது என்று நிறுவிவிடலாமே என்று கேட்டதையும், இருத்தல் என்பது ஒரு பொருளின் பண்புகளுள் ஒன்றாகாது என்று கான்ட் 1781-இல் சொன்னதையும் சேர்த்துப் பருவத்தின் பிற்பகுதியில் ஒரு வகுப்பு கொடுத்தால் போதும்.

தொடங்குவதற்கு ஏற்றது உலகின் காரணம் பற்றிய வாதம். மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட நூல். அதன் முதற் சூத்திரம், அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் தன்மையுடையது, ஆதலால் அது ஒருவனால் தோற்றுவிக்கப்பட்டது என்கிறது. ஒடுக்கத்துக்குக் காரணமானவனே தோற்றத்துக்கும் முதல் என்று அது மேலும் செல்கிறது. இதை மாணவரே பக்கம், ஏது, திட்டாந்தம் என்று பிரித்து எழுதட்டும். திட்டாந்தத்துக்கு உதயணர் முதலான நியாய மரபினர் சொல்லும் குடமும் குயவனும் பெரும்பாலோர்க்கு உடனே நினைவுக்கு வரும். இதனோடு, தோன்றியது எதற்கும் காரணம் உண்டு, உலகம் தோன்றியது, ஆகவே உலகுக்குக் காரணம் உண்டு என்னும் அல் கஸாலியின் வாதத்தையும் பக்கத்தில் எழுதி வைத்தால், 1111-இல் மறைந்த பாரசீக அறிஞரும் தமிழ்ச் சைவ ஆசிரியரும் எங்கே ஒன்றுபடுகிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்று மாணவரே கண்டுபிடிப்பார். கஸாலிக்கு உலகம் இன்மையிலிருந்து படைக்கப்பட்டது. மெய்கண்டாருக்கோ மாயை என்னும் முதற்காரணம், குடத்துக்கு மண்ணைப் போல, என்றும் உள்ளது, இறைவன் குயவனைப் போல நிமித்த காரணன். இந்த வேறுபாட்டுக்கு ஒரு முழு வகுப்பைச் செலவிடலாம்.

மறுப்புக்கு நாத்திகரிடம் போகும் முன்பு குமாரில பட்டரிடம் போங்கள் என்பது என் வலுவான பரிந்துரை. வேதத்தை முழுமையாக ஏற்று, வேதச் சடங்குகளின் பொருளை ஆராயும் மீமாம்ச மரபைச் சேர்ந்த அவர், உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதை ஏற்கவில்லை. உடல் இல்லாதவனுக்குப் படைக்கும் விருப்பம் எப்படி எழுந்தது? உடல் உண்டென்றால் அந்த உடலைப் படைத்தவர் யார்? இரக்கத்தால் படைத்தான் என்றால், படைப்புக்கு முன் இரங்கத்தக்க உயிர் எது? இக்கேள்விகளை ஆசிரியர் பெயரைச் சொல்லாமல் வாசித்துவிட்டு, எழுதியவர் யாராக இருக்கலாம் என்று கேட்டால், பெரும்பாலோர் ஒரு நாத்திகரையோ சமணரையோ சுட்டுவார்கள். வைதிகர் என்று தெரிந்ததும், நம்புவோர் ஒருபுறம், நம்பாதோர் மறுபுறம் என்று மாணவர் மனத்தில் போட்டு வைத்திருக்கும் கோடு கலைந்துவிடுகிறது. இதைவிடச் சிக்கனமாக அதைக் கலைக்கும் வழி எனக்குத் தெரியாது.

கடிகாரம் கிடந்தால் கடிகாரம் செய்தவன் உண்டு என்னும் பேலியின் 1802-ஆம் ஆண்டு வாதத்தையும் பிறகு சொல்லலாம். ஒரு வீட்டைப் பலர் சேர்ந்தும் கட்டுகிறார்களே, உலகைக் கட்டியவர் ஒருவர்தான் என்று எப்படித் தெரியும், உலகம் இயந்திரத்தைவிடச் செடியையோ விலங்கையோ ஒத்திருந்தால் என்ன செய்வது என்று ஹியூம் எழுப்பிய ஐயங்கள் அவர் இறந்து மூன்றாண்டுகள் கழித்து 1779-இல் அச்சேறின. அதாவது மறுப்பு, பேலியின் நூலுக்கு 23 ஆண்டுகள் முந்தியது. டார்வின் இதை முடித்துவிட்டார் என்று ஒரு மாணவர் சொல்லக்கூடும். உயிர்களின் உறுப்பமைப்பைச் சுட்டும் வாதத்தை 1859-க்குப் பின் அப்படியே சொல்ல முடியாது என்பது சரிதான். உலகம் ஏன் இருக்கிறது என்னும் வாதத்தை அது தொடவில்லை என்பதையும் அவரையே சொல்ல வைக்க வேண்டும்.

நான்காம் படி: துன்பம்

பாடத்தின் நடுவிடம் இதுவே. மூன்று வாரமாவது ஒதுக்குங்கள். வேறு எதையாவது விட்டுவிட நேர்ந்தாலும் பரவாயில்லை.

தொடக்கத்துக்குப் புறநானூற்றின் 194-ஆம் பாட்டு இருக்கிறது. ஒரு வீட்டில் சாவுப் பறை, அடுத்த வீட்டில் மணமுழவு. கூடினோர் பூவணிகிறார்கள், பிரிந்தோர் கண்ணீர் உகுக்கிறார்கள். இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்கிறார் பக்குடுக்கை நன்கணியார். இவ்வுலகம் இன்னாதது, இதன் இயல்பு உணர்ந்தோர் இனியவற்றைக் காண்க என்று பாட்டு முடிகிறது. அதன் அருகில் 1062-ஆம் குறளை வையுங்கள்.

இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து
கெடுக உலகியற்றி யான்

இரண்டையும் உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டு, இவர்கள் கடவுளை மறுக்கிறார்களா, பழிக்கிறார்களா, வேறேதேனும் செய்கிறார்களா என்று கேளுங்கள். குறளில் உள்ள ‘வேண்டின்’ என்னும் நிபந்தனையைக் கவனிக்கும் மாணவர் ஒருவராவது இருப்பார். இரப்பது படைப்பின் திட்டமாக இருந்தால்தான் இந்தச் சாபம். அப்படி இல்லையென்றால் பழி யாருக்கு? கூடினோரும் பிரிந்தோரும் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பதே நன்கணியாரின் குற்றச்சாட்டு. துன்பம் இருப்பதையும், அது ஒருவருக்கு மிகுந்தும் ஒருவருக்குக் குறைந்தும் பகிரப்பட்டிருப்பதையும் இரு வேறு சிக்கல்களாகப் பிரிக்க இந்தப் பாட்டு உதவும்.

அதன் பின்னரே அதை வாதமாக்குங்கள். கடவுள் எல்லாம் வல்லவர்; கடவுள் முழுக்க நல்லவர்; ஆயினும் தீமை இருக்கிறது. மூன்றையும் ஒருங்கே ஏற்க முடியாது என்று ஜே. எல். மாக்கி 1955-இல் வாதிட்டார். மனிதருக்கு உண்மையான விருப்புரிமை வேண்டுமென்றால் அவர்கள் தீமையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் இருந்தாக வேண்டும், ஆகவே மூன்றுக்கும் இடையே முரண்பாடு இல்லை என்று பிளான்டிங்கா 1974-இல் விடையளித்தார். காட்டுத் தீயில் கருகி, யாரும் அறியாமல் நாட்கணக்கில் துடித்துச் சாகும் மான்குட்டியின் துன்பத்தால் யாருக்கு என்ன நன்மை என்று வில்லியம் ரோ 1979-இல் கேட்டது வேறு வகை. முரண்பாடு உண்டு என்று அவர் சொல்லவில்லை. இப்படிப்பட்ட துன்பங்கள் கடவுள் இல்லை என்பதற்குச் சான்றாகின்றன என்றுதான் சொன்னார். முரண்பாட்டு வாதத்தை வீழ்த்தும் விடை சான்று வாதத்தையும் வீழ்த்துமா என்பது மாணவர் எழுதிப் பார்க்க வேண்டிய நல்ல கேள்வி.

வகுப்பில் இதற்குள் யாராவது கர்மவினையை எடுத்திருப்பார். எடுக்கவில்லை என்றால் நீங்கள் எடுங்கள். வேதாந்தத்தின் மூலநூல்களுள் ஒன்றான பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இந்தக் கேள்வி நேராகவே வருகிறது: உலகில் ஏற்றத்தாழ்வும் கொடுமையும் இருப்பதால் இறைவன் பாரபட்சமும் இரக்கமின்மையும் உடையவன் ஆகமாட்டானா? அவன் உயிர்களின் வினையை நோக்கியே படைப்பதால் ஆகமாட்டான் என்பது விடை. அப்படியானால் முதற் படைப்புக்கு முன் வினை ஏது என்ற அடுத்த கேள்விக்கு, உலக ஓட்டத்துக்குத் தொடக்கமில்லை என்று விடை வருகிறது. இந்த விடை கேள்வியைத் தீர்க்கிறதா, பின்னுக்குத் தள்ளுகிறதா என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதிடச் செய்யுங்கள். பாதி நேரம் ஆனதும் தரப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். தரப்பு மாறியதும் தடுமாறும் மாணவரே பெரும்பாலும் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்.

சைவ சித்தாந்தத்தின் விடை இன்னும் ஒரு படி போகிறது. உயிரைப் பிணித்து அதன் அறிவை மறைக்கும் ஆணவ மலம் என்னும் அழுக்கு அனாதியானது, உலக அனுபவம் அந்த மலம் பக்குவப்படுவதற்காகக் கொடுக்கப்பட்டது என்கிறது அது. துன்பம் நிறைந்த உலகமே மனிதர் பண்பட்டு வளர்வதற்குரிய களம் என்று ஜான் ஹிக் 1966-இல் எழுதியதோடு இதை ஒப்பிடலாம். ஒப்புமை முழுமையானதன்று. ஹிக்கின் கடவுள் உலகை இப்படி அமைக்காமலும் இருந்திருக்கலாம். சித்தாந்தத்தின் இறைவனோ மலத்தைப் படைக்கவில்லை. அது அவனோடு என்றும் உள்ளது. அப்படியென்றால் அவன் எல்லாம் வல்லவனா என்று ஒரு கிறித்தவ மாணவர் கேட்டால், வகுப்பு சரியான திசையில் போகிறது என்று பொருள்.

வினைக் கொள்கைக்கு அறவியல் நோக்கிலும் ஒரு மறுப்பு உண்டு, அதைத் தவிர்க்கக்கூடாது. ஒருவர் பிறப்பால் இழிவுபடுத்தப்படுவதும் மாற்றுத்திறனோடு பிறப்பதும் அவரது முன்வினை என்றால், பாதிக்கப்பட்டவர்மேலேயே பழி விழுகிறதே என்பது அந்த மறுப்பு. இதைத் தம் வாழ்க்கையில் காதால் கேட்ட மாணவர்கள் வகுப்பில் இருக்கலாம். அவர்களைச் சாட்சிக்கு அழைக்காமல், மறுப்பை நீங்களே முழு வலுவோடு எடுத்துச் சொல்லுங்கள். பிறகு வினைக் கொள்கையினர் என்ன சொல்லக்கூடும் என்பதையும் அதே வலுவோடு சொல்லுங்கள்: இன்றைய துன்பத்துக்குக் காரணம் சொல்வது, அதைப் போக்கும் கடமையிலிருந்து யாரையும் விடுவிப்பதில்லை என்பது அவர்கள் தரப்பு. ‘அறத்தாறு இதுவென வேண்டா’ என்று தொடங்கி, பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் காட்டும் 37-ஆம் குறளுக்குப் பரிமேலழகர் சொல்லும் பொருளையும் பிற்கால உரையாசிரியர்கள் அதை மாற்றிப் படித்ததையும் பக்கத்தில் வைத்தால், இது வகுப்பறைக்குள் முளைத்த சண்டையன்று என்று தெரியும்.

1755 நவம்பர் 1-ஆம் நாள், அனைத்துப் புனிதர் பெருவிழாவன்று மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த காலைப்பொழுதில், லிஸ்பன் நகரை நிலநடுக்கம் அழித்தது. இயலக்கூடிய உலகங்களில் சிறந்தது இதுவே என்று 1710-இல் லைப்னிட்ஸ் முன்வைத்த கருத்தை வோல்டேர் அதன் பிறகே கடுமையாகத் தாக்கினார். இந்த வரலாற்றைச் சொல்லும்போது ஆழிப்பேரலை தாக்கிய 2004 டிசம்பர் 26-ஐ யாரும் நினைக்காமல் இருக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணிக் கடற்கரையில் யாத்திரிகர் பலர் மாண்டனர். ஆயினும் நாகப்பட்டினத்திலோ மட்டக்களப்பிலோ முல்லைத்தீவிலோ கற்பிப்பவர் அந்த நாளையும், போரின் இறுதி மாதங்களையும் எடுத்துக்காட்டாக வைக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை எண்ண வேண்டும். அங்கே லிஸ்பனே போதும். மாணவர் தாமாகப் பேசினால் பேசட்டும். அவர் பேசி முடித்ததும் உடனே வாதத்துக்குத் திரும்ப முயலாதீர்கள். இழப்பைச் சுமப்பவருக்கு ஆறுதல் சொல்வது வேறு, வாதத்தை மதிப்பிடுவது வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால் இரண்டும் கெடும்.

ஐந்தாம் படி: சான்றும் நம்பிக்கையும்

தன் கப்பல் பழுதுபட்டது என்று ஐயம் கொண்ட முதலாளி ஒருவர், அந்த ஐயத்தை மனத்திலிருந்து விரட்டி, கப்பல் நல்ல நிலையில் இருப்பதாக உளமார நம்பி, குடிபெயர்வோரை ஏற்றி அனுப்புகிறார், கப்பல் மூழ்குகிறது. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே, ஏனெனில் அப்படி நம்ப அவருக்கு உரிமை இருக்கவில்லை என்று கிளிஃபோர்டு 1877-இல் எழுதினார். சான்றைக் கொண்டு முடிவு செய்ய முடியாததும், தள்ளிப்போட முடியாததும், வாழ்க்கையையே தீர்மானிப்பதுமான தெரிவுகளில் மனம் சாயும் பக்கம் நம்புவதற்கு உரிமை உண்டு என்று வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் விடையிறுத்தார். இந்த இரண்டு கட்டுரைகளும் எந்த வகுப்பிலும் தோற்றதில்லை. கப்பலுக்குப் பதில் தீப்பெட்டி ஆலையையோ, பாதுகாப்புச் சோதனை செய்யாத பள்ளிப் பேருந்தையோ வைத்தால் கிளிஃபோர்டு இன்னும் கூர்மையாக விளங்குவார். ஆனால் கடவுள் நம்பிக்கை அந்தப் பேருந்தைப் போன்றதா என்று கேட்க மறக்கக்கூடாது.

ஜேம்ஸின் அந்தக் கட்டுரை வெளிவந்த அதே 1896-இல், மதுரையில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் திடீரென்று எழுந்த மரண பயத்தை எதிர்கொண்டு, இறப்பது இந்த உடல்தானே, நான் யார் என்று உள்ளே திரும்பினான். சில வாரங்களில் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனான். பிற்காலத்தில் ரமணர் எனப்பட்ட அவரது அனுபவத்தை இங்கே எடுத்துக்கொள்ளலாம். சொல்லில் அடங்காமை, அறிவு தரும் தன்மை, நிலையாமை, செயலற்று ஆட்படுதல் என்று சமய மறைஞான அனுபவத்துக்கு 1902-இல் ஜேம்ஸ் சொன்ன நான்கு அடையாளங்களை இதில் பொருத்திப் பார்க்கச் செய்யுங்கள். நிலையாமை பொருந்தாது என்று மாணவர் கண்டுகொள்வார். அந்த அனுபவம் தம்மைவிட்டு நீங்கவே இல்லை என்பது ரமணரின் கூற்று. ஒருவரது அனுபவம் அவருக்குச் சான்றாகலாம், அதைப் பெறாத நமக்கும் அது சான்றாகுமா என்பதே இங்குள்ள மெய்யியல் கேள்வி. அவர் மகானா என்று விவாதம் திரும்பினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

எல்லாச் சமயங்களும் ஒன்றையே சொல்கின்றன என்ற வாக்கியம் பருவத்தில் பலமுறை எழும். நல்ல மனத்தோடு சொல்லப்படுவதால் அதை ஆராய யாருக்கும் மனம் வருவதில்லை. ஆன்மா உண்டு என்பதும் இல்லை என்பதும் ஒன்றா, உலகுக்குக் கருத்தா உண்டு என்னும் சைவமும் இல்லை என்னும் சமணமும் ஒன்றையா சொல்கின்றன என்று மணிமேகலையின் பதின்மரிடமே திருப்பி அனுப்புங்கள். ஒற்றுமை கோட்பாட்டில் இருக்கிறதா, ஒழுக்கத்தில் இருக்கிறதா, அனுபவத்தில் இருக்கிறதா என்று அந்த வாக்கியத்தை மூன்றாக உடைத்தால், அதைச் சொன்ன மாணவருக்கும் அவமானமில்லாமல் ஆராய்ச்சி தொடரும்.

ஆறாம் படி: எழுத வைத்தலும் மதிப்பெண்ணும்

பருவத்துக்கு இரண்டு கட்டுரைகள் போதும். ஒவ்வொன்றும் 600 சொற்கள். தமக்கு உடன்பாடில்லாத ஒரு நிலைப்பாட்டை முதற்பாதியில் பரபக்கமாக எழுத வேண்டும். அந்த நிலைப்பாட்டை ஏற்கும் சக மாணவர் ஒருவர் படித்துப் பார்த்து, ‘ஆம், எங்கள் தரப்பு இதுதான்’ என்று ஓரத்தில் குறித்துக் கொடுத்த பிறகே இரண்டாம் பாதியில் மறுப்பை எழுதலாம். குறிப்புக் கிடைக்காவிட்டால் திருத்தி எழுத வேண்டும். வகுப்பில் அப்படிப்பட்டவர் இல்லை என்றாலோ, தம் நிலைப்பாட்டை வெளியிட எவரும் விரும்பவில்லை என்றாலோ, ஆசிரியரே அந்தத் தரப்பினராக நின்று படிக்க வேண்டும். மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் முதற்பாதிக்கே கொடுங்கள். மறுப்பு எவ்வளவு திறமையாக இருந்தாலும், மறுக்கப்பட்டது பொம்மை என்றால் அதற்கு மதிப்பில்லை.

திருத்தும்போது இரண்டு சொற்றொடர்களைத் தேடி அடிக்கோடிடுங்கள். ‘அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்று வந்தால் எந்த ஆய்வு, எதை என்று ஓரத்தில் கேளுங்கள். ‘நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டனர்’ என்று வந்தால் எந்த நூல், எந்த இடம், அதே நூற்றாண்டில் அதை மறுத்தவர் யார் என்று கேளுங்கள். முடிவு உங்கள் நம்பிக்கையோடு ஒத்துப்போகும் தாள்களைத் தனியே எடுத்து வைத்து, சற்று இடைவெளி விட்டு இரண்டாம் முறை திருத்துவது நல்லது.

பருவத்தின் எந்த வாரத்திலும் “நீங்கள் எதை நம்புகிறீர்கள்?” என்று மாணவர் உங்களையே கேட்கலாம். மழுப்ப வேண்டாம், மதிப்பெண் வெளியான பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, அப்படியே சொல்லுங்கள். சொல்லும்போது, உங்கள் நிலைப்பாட்டுக்கு எதிராக நீங்கள் அறிந்த மிக வலுவான வாதம் எது, அதற்கு இதுவரை உங்களிடம் முழுமையான விடை இருக்கிறதா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.